தோட்டத்தோடு ஒட்டிக் கட்டிய வில்லாவில் கோளாறா? எப்போது தெரிகிறது என்று முதலில் பாருங்கள்

மரத்தை வெட்டாமல், முற்றத்தைத் திறந்து விட்டு, குளமும், மண் போட்டுச் செடி வளர்க்கும் பசுங்கூரையும் வைத்துக் கட்டிய வீடு வெப்பமண்டலத்துக்கு மிகப் பொருத்தமான வீடு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் வெயில், ஈரம், வேர், பூச்சி எல்லாம் சுவருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கின்றன. கோளாறு வந்தால் அதற்கு நான்கைந்து காரணங்கள் இருக்கலாம், எல்லாமே பார்க்க ஒரே மாதிரி தெரியும். ஈரச் சுவர் என்றதும் ஆளை வரவழைத்து வாட்டர்புரூஃப் பெயின்ட் அடிப்பார்கள். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெயின்ட்டும் கொப்புளம் விட்டு உரியும்.

கறை எங்கே இருக்கிறது என்பதைவிட அது எந்த நேரத்தில், எந்தப் பருவத்தில் தலைகாட்டுகிறது என்பதே காரணத்தைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும். அதனால் எதையும் உடைக்கும் முன் ஒரு வாரம் எழுதி வையுங்கள். ஒரு நோட்டு, பென்சில், டார்ச், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு கருவி, சமையலறை அலுமினியத் தாள், டேப் போதும். கீழே உள்ளவற்றை ஏறக்குறைய நேர வரிசையில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம்.

மாலை நாலு மணிக்கு மேல் ஹால் அனலாகிறது

தோட்டம் முழுதாகத் தெரிய வேண்டும் என்று தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்திருப்பீர்கள். அது மேற்குப் பார்த்திருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

"மேலேதான் சன்ஷேட் இருக்கிறதே" என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்தச் சாய்வில் 1 மீட்டர் நீட்டிய சன்ஷேட், தனக்குக் கீழே 58 செ.மீ. வரைதான் நிழல் போடும். 2.4 மீட்டர் உயரக் கண்ணாடியில் முக்கால் பங்கு நேர் வெயிலில் இருக்கிறது. சாதாரண 6 மி.மீ. கண்ணாடி, தன்மேல் விழும் சூரிய வெப்பத்தில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். உள்பக்கம் கனத்த திரை போட்டால் கண் கூசாது, அவ்வளவுதான். வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்தாயிற்று. திரை சூடாகி அதை அறைக்குள்ளேயே கொட்டும்.

சோதிப்பது எளிது. நாற்றங்கால்களில் கட்டும் பச்சை நிழல்வலையைக் கண்ணாடிக்கு வெளியே ஒரு கை தள்ளி மூன்று நாள் கட்டுங்கள். அதே நேரத்தில் அறையின் வெப்பத்தைக் குறித்து, வலை இல்லாத நாட்களோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் தீர்வும் அதே இடத்தில்தான், அதாவது கண்ணாடிக்கு வெளியே. செங்குத்தான மரப் பட்டைகள், நகர்த்தக்கூடிய லூவர் (சாய்ந்த பட்டைகள் அடுக்கிய தட்டி), மூங்கில் தட்டி, அல்லது தனிச் சட்டகத்தில் ஏற்றிய கொடி, இவற்றில் எதுவும் சரி. மேற்கிலும் கிழக்கிலும் குறுக்கு நிழலைவிட நெடுக்கு நிழல்தான் பலன் தரும்.

மாலையில் சுமாராக இருந்து, இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் படுக்கையறை கொதித்தால் அது கண்ணாடியின் வேலை இல்லை, மேலே உள்ள கான்கிரீட். பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை அது சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும். கட்டிலில் நின்று கூரையைத் தொட்டுப் பாருங்கள், உள்ளங்கைக்கே தெரியும். இதற்கு உள்ளே ஃபால்ஸ் சீலிங் போடுவதைவிட மேலே வெயில் விழாமல் செய்வது நல்லது. காற்று புகுந்து போகும் இடைவெளி விட்டு இரண்டாவது கூரை போடலாம். முடியாவிட்டால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம்.

வெளியே இலை அசைகிறது, உள்ளே காற்றே இல்லை

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னலோரம் பிடியுங்கள். புகை உள்ளே வளைந்து அப்படியே தேங்கி நின்றால், காற்று உள்ளே வர வழி இருக்கிறது, வெளியேற வழி இல்லை என்று பொருள். எதிர்ச் சுவரில் திறப்பு இருக்க வேண்டும், அதுவும் வரும் வழியைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. நடுவில் உள்ள அறைக் கதவு மூடியிருந்தால் எத்தனை ஜன்னல் இருந்தும் பயனில்லை. கதவுக்கு மேலே திறந்து மூடும் லூவர் வைத்தால் தனிமையும் கெடாது, காற்றும் போகும்.

கட்டடக் கலைஞர் கிளென் மர்கட் 1994-ல் ஆஸ்திரேலியாவின் வெப்பமண்டல வட கரையில் கட்டி முடித்த மரிக்கா-ஆல்டர்டன் இல்லத்தில் ஜன்னல்களுக்குக் கண்ணாடியே கிடையாது. திறந்து மூடும் பலகைகளும் பட்டைகளும்தான். வீடு ஒடுக்கமாக நீண்டிருப்பதால் ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் போய்விடுகிறது. உங்கள் வீட்டில் இரண்டு மூன்று அறைகளைத் தாண்டித்தான் காற்று வெளியேற வேண்டும் என்றால், நடுவில் மேல்நோக்கி ஒரு வழி தேவை. படிக்கட்டுக் கூண்டின் உச்சியில் திறப்பு வைப்பது பெரும்பாலும் செலவு குறைந்த வழி. சூடான காற்று அதன் வழியே ஏறிப் போகும்.

இன்னொன்று, கொசுவலை. அது காற்றைக் கணிசமாகத் தடுக்கும். தூசி அடைத்த வலை இன்னும் மோசம். வலையைக் கழற்றச் சொல்லவில்லை. கழுவுங்கள். முடிந்தால் ஜன்னலில் இறுக்கி அடிக்காமல் தாழ்வாரத்தின் வெளி விளிம்பில் பெரிய பரப்பாகக் கட்டுங்கள்.

காலையில் கண்ணாடி வியர்க்கிறது, அலமாரிக்குள் பூசணம்

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஏசி உள்ள படுக்கையறை, அதை ஒட்டி ஏசி இல்லாத உடைமாற்றும் அறை. அதன் ஒரு பக்கம் திறந்த முற்றம். அலமாரியில் தொங்கிய தோல் பெல்ட்டில் மாவு தூவியதுபோல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பின்பலகையைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. கழற்றினோம். சுவரில் அலமாரியின் அளவுக்கு அச்சடித்தாற்போல் கறுப்புப் பூசணம். அலமாரி முடிந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, சுவர் சுத்தமாக இருந்தது. அதற்குள் குளியலறைக் குழாய் கசிகிறது என்று நினைத்து டைல்ஸ் எல்லாம் உடைத்து முடித்திருந்தார்கள்.

நடந்தது என்ன? வெளிக்காற்று 30 டிகிரியிலும் ஈரப்பதம் 80 சதவீதத்திலும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியும். இரவெல்லாம் ஏசியை 20-ல் ஓட்டினால் படுக்கையறைச் சுவரின் மறுபக்கம் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. முற்றத்திலிருந்து வந்த ஈரக்காற்று, அலமாரியின் பின்னால் அசையாமல் நின்று அங்கே படிகிறது. குளிர்நாட்டு வீடுகளில் உள்பக்கம் படியும் ஈரம், நம் மாதிரி வீடுகளில் குளிரூட்டிய அறையின் வெளிப்பக்கத்தில் படியும். இது புரியாமல் செய்த பழுதுவேலை எல்லாம் வீண்.

குழாய்க் கசிவா, காற்று ஈரமா என்று பிரிக்க அலுமினியத் தாள் சோதனை செய்யுங்கள். ஒரு முழம் சதுரத் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிமுகத்தில் நீர்த்துளி இருந்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம். பிரித்தால் பின்புறம் நனைந்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஈரம் என்றால் கசிவை முதலில் அடையுங்கள். அது காயும்வரை மற்றது தெளிவாகத் தெரியாது.

காற்று ஈரம்தான் என்றால் ஏசியை 25 அல்லது 26-ல் வைத்து மின்விசிறியைச் சேர்த்து ஓட்டுங்கள். உடம்புக்குக் குளிர்ச்சி ஏறக்குறைய அதேதான், சுவர் அவ்வளவு சில்லிடாது. அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்து, அடியிலும் மேலும் காற்று போக வழி விடுங்கள். ஏசி அறையின் கதவிடுக்குகளை அடையுங்கள். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி வாங்கியிருந்தால், அது சீக்கிரம் குளிரவைத்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் இருக்காது. அப்படிப்பட்ட அறையில் குளிர் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும்.

பூசணத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் பெயின்ட். பிளீச்சிங் தெளித்தால் நிறம் போகும், பூச்சுக்குள் ஊறிய வேர் போகாது. பிளீச்சிங்கோடு ஆசிட்டையோ அம்மோனியாவையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

மழையில் ஒழுகல்

இங்கே நேரம்தான் எல்லாம். காற்றோடு மழை அடிக்கும்போது மட்டும் ஒழுகி, மழை நின்றதும் நின்றால் ஜன்னல் சட்டத்தின் ஓரம், சுவர் இணைப்பு, ஓட்டு விளிம்பு இவற்றைப் பாருங்கள். மழை தொடங்கிச் சில மணி நேரம் கழித்து ஆரம்பித்து, வானம் வெளுத்த பிறகும் இரண்டு மூன்று நாள் சொட்டினால், மேலே எங்கோ மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது பசுங்கூரை அல்லது சுவரோடு சேர்த்துக் கட்டிய செடித்தொட்டி. மழையே இல்லாமல் சொட்டினால் குழாய், அல்லது ஏசியின் வடிகுழாய், அல்லது தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்.

பசுங்கூரையில் சந்தேகம் என்றால் ஒரு பகுதியின் மண்ணை ஒதுக்கி, வடிகால் வாயை அடைத்து, 5 செ.மீ. தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் பாருங்கள். வெயிலில் ஆவியாவது நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான், அதற்கு மேல் மட்டம் இறங்கினால் ஓட்டை உண்டு. தண்ணீர் நிறுத்தும் முன் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நனைந்த மண் 15 செ.மீ. கனம் இருந்தாலே சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிலோ வரை வரும். "பச்சையாக இருக்கட்டும்" என்று பிறகு அள்ளிப் போட்ட மண் பல வீடுகளில் கணக்கிலேயே இல்லாதது. இதை நான் ரொம்பக் கவலையோடு சொல்கிறேன்.

கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் இருக்காது. விளிம்பில்தான் இருக்கும். நீர்த்தடுப்புப் படலம் மண் மட்டத்துக்கு மேல் 15 செ.மீ. ஏறி நிற்க வேண்டும். படலத்தின் மேல் வேர் துளைக்காத தடுப்பு ஒன்று தனியாக வேண்டும். வடிகால் வாயைத் தினமும் திறந்து பார்க்கும்படி மண்ணிலிருந்து பிரித்து, சுற்றிலும் கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருக்கும் பசுங்கூரை ஒழுகுவது அபூர்வம்.

சுவரில் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் ஹோஸ் பிடியுங்கள். கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இணைப்பையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது.

சுவரின் அடியில் உப்புப் பூக்கிறது, பூச்சு உதிர்கிறது

வீடு கட்டியவரைத் திட்டும் முன் தோட்டத்தைப் பாருங்கள். கட்டும்போது தரைமட்டம் சரியாகத்தான் இருந்திருக்கும். பிறகு பூச்செடிக்கு என்று மண்ணையும் எருவையும் சுவரோடு அணைத்து உயர்த்தியிருப்பார்கள். நில ஈரம் சுவரில் ஏறாமல் இருக்க அஸ்திவாரத்தின் மேல் போட்ட ஓதத்தடுப்பு மட்டத்துக்கு மேலே மண் ஏறிவிட்டால் அந்தத் தடுப்பால் பயனே இல்லை. வெளிமண் அதற்கு 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். வெட்டி இறக்குங்கள்.

வீட்டுக்குள் நடுச் சுவர்களிலும் ஓதம் ஏறினால் நிலத்திலிருந்து வருகிறது. வெளிச் சுவரில் மட்டும், அதுவும் மழை அடிக்கும் பக்கம் முழங்கால் உயரம்வரை மட்டும் என்றால் தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீர். சிமென்ட் தரையில் கூரைநீர் விழுந்து தெறிப்பதைப் பலமான மழையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று புரியும். சுவரோரம் 50, 60 செ.மீ. அகலத்துக்குக் கூழாங்கல் படுக்கை போட்டால் தெறிப்பு வெகுவாக அடங்கும். புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் கருவி சுவரையும் சேர்த்து நனைக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

செம்பூராங்கல், மண்கல் சுவராக இருந்தால் சிமென்ட் பூச்சால் மறைக்காதீர்கள். ஈரம் வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை மூச்சுவிட வைக்கும்.

வெளித்தெரியும் கான்கிரீட்டில் சன்ஷேட்டின் அடிப்பக்கம் கறுப்பாக வழிந்தால், விளிம்பின் அடியில் நீர் சொட்டும் காடி (நீளவாக்கில் வெட்டிய சிறு பள்ளம்) இல்லை, அல்லது பெயின்ட்டால் அடைந்திருக்கிறது. காடியை வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு உலோகப் பட்டையைத் துருத்தி ஒட்டுங்கள்.

முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 20 சதுர மீட்டர் முற்றத்தில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டினால் மணிக்கு 2,000 லிட்டர். கூரை உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அந்தக் கூரையின் பரப்பையும் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். குழாய் போதுமானதாக இருந்தும் நிற்கிறதென்றால் காரணம் இலை. தட்டையான சல்லடையை ஒரே ஒரு பெரிய இலை மூடிவிடும். குமிழ்போல் எழும்பிய சல்லடை போடுங்கள். இரண்டாவது வடிகால் வாய் ஒன்றைச் சற்று உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொசு

பகலில் கடிக்கிறதா, இரவிலா? பகலில், குறிப்பாகக் காலையும் மாலையும் கடித்தால் பெரும்பாலும் ஏடிஸ். அது சுத்தமான சிறு தண்ணீரில் முட்டையிடும். பூந்தொட்டித் தட்டு, அடைத்த கூரைத் தூம்பு, ஏசித் தண்ணீர் சொட்டும் வாளி, அப்புறம் வெப்பமண்டலத் தோட்டங்களில் ஆசையாக வைக்கும் புரோமிலியாட் செடியின் இலைக் குழி. இரவில் கடித்தால் பெரும்பாலும் கியூலெக்ஸ். கழிவுநீர்த் தொட்டியின் மூடியும் காற்றுக்குழாயும் சரியாக மூடியிருக்கிறதா, வலை இருக்கிறதா என்று பாருங்கள்.

முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவினால் சுற்று அறுந்துவிடும். குளத்தைக் குறை சொல்ல வேண்டாம். கப்பி மீன் விட்டு, தண்ணீரை ஓடவிட்டால் குளம்தான் தோட்டத்திலேயே கொசு குறைந்த இடம்.

மரம் உளுக்கிறது, சுவரில் மண் கோடு

பென்சில் கனத்தில் மண் குழாய் சுவரில் ஏறினால் கரையான். ஒரு இடத்தில் உடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். மீண்டும் பூசியிருந்தால் புற்று உயிரோடு இருக்கிறது, மருந்து அடிப்பவரைக் கூப்பிட வேண்டும். மூங்கில் தூணின் கீழே மாவுபோல் நைசான தூள் கிடந்தால் அது வண்டு. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்காமல் பயன்படுத்திய மூங்கிலில்தான் இது அதிகம். நின்ற தூணில் மேலே பூசுவது ஓரளவுக்குத்தான் உதவும். அதிகம் அரித்திருந்தால் மாற்றுவதே வழி.

மருந்தைவிட முக்கியம், எந்த மரமும் மண்ணைத் தொடக்கூடாது. மரத்தூணைக் கல் அல்லது உலோகக் காலில் நிறுத்துங்கள். வெளி மரத்தளத்தின் பலகைகளுக்கிடையே 5, 6 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அறுத்த முனைகளில் எண்ணெய் பூசுங்கள், தண்ணீர் குடிப்பது அந்த முனைதான். கொடியைச் சுவரில் நேரடியாக ஏற்றினால் கரையான் கோடு கண்ணுக்கே தெரியாது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1990-களில் இலங்கையில் கட்டிய கண்டலம ஹோட்டல் காட்டுக்குள் மறைந்ததுபோல் இருக்கும். அங்கே பசுமை படர்வதற்கு அறைகளுக்கு முன்னால் வெளிச் சட்டகம் இருக்கிறது. அந்த யோசனை சிறு வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். சட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைந்து பார்க்கும் இடம் விடுங்கள்.

கோடையில் விரிசல்

ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் ஏறும் விரிசல் கோடையில் விரிந்து, மழையில் சுருங்கினால் அடியில் களிமண். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அது கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்குகிறது. விரிசலுக்கு இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, தேதியும் இடைவெளியும் சுவரிலேயே எழுதுங்கள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். அகலம் 5 மி.மீ. தாண்டினாலோ கதவு பிடித்தாலோ காத்திருக்காமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மரத்தை உடனே வெட்டிவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வருடக்கணக்கில் அது குடித்த தண்ணீர் இப்போது மண்ணிலேயே தங்கும், களிமண் ஊதும், இறங்கிய சுவர் இப்போது மேலே எழும்பி வேறு இடத்தில் வெடிக்கும். கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் அது குடிக்கும் தண்ணீரும் குறையும். வீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் வேர்த்தடுப்பு வைக்கலாம். அதற்கு எந்த வேரை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று மரம் தெரிந்தவர் சொல்ல வேண்டும். தாங்கு வேரை வெட்டினால் அடுத்த புயலில் மரம் வீட்டின் மேலேயே சாயும்.

புதிதாகக் கட்டுபவர்கள் மரத்துக்குப் பக்கத்தில் நீள அஸ்திவாரம் தோண்டாமல் தூண்களில் நிறுத்தினால் வேர்களில் பெரும்பாலானவை தப்பும். கட்டடக் கலைஞர் லீனா போ பார்டி 1951-ல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் தனக்காகக் கட்டிய கண்ணாடி வீட்டின் முன்பகுதி மெல்லிய தூண்களில் நிற்கிறது. நடுவில் விட்ட திறப்பின் வழியே ஒரு மரம் மேலே வருகிறது. உங்கள் தளத்தில் அப்படி ஒரு மரம் இருந்தால், அடிமரத்தைச் சுற்றிய இடைவெளியை ஆண்டுக்கொருமுறை பார்த்து அகலப்படுத்துங்கள். பலகை பட்டையைத் தொட ஆரம்பித்தால் மரத்துக்கும் காயம், தளமும் தூக்கும்.

விரிசலைப் பூசுவதற்கு முன் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அளந்து முடியுங்கள். அதுவரை மழை புகாமல் வளைந்து கொடுக்கும் சீலன்ட் மட்டும் அடைத்து வையுங்கள்.